கதிரையில ஆள் இருந்தாப் போதும்

கதவில தட்டு விழுந்தா எங்கட வீட்டில ஆரும் கதவுக்கு ஓட மாட்டினம். மேசைக்குத்தான் ஓடுவினம்.

அண்டைக்கும் அப்பிடித்தான். காலமை. கொழும்பு வெள்ளவத்தையில கடல் பக்கத்து ஒழுங்கை ஒண்டில எங்கட மாடி வீடு. அம்மா குசினியில பாண் வெட்டிக்கொண்டு நிண்டவ. கீழ சப்பாத்துச் சத்தம். ஒவ்வொரு கதவாத் தட்டிக்கொண்டு மேல வாறாங்கள் எண்டு விளங்கீட்டுது. அம்மா கத்தியைக் கீழ வைக்காமலே அந்தக் கையால மேசையைக் காட்டினவ. ஒரு மனுசி பாண் கத்தியால மேசையைக் காட்டினா எந்தப் பிள்ளையும் படிக்கும்.

நான் பாய்ஞ்சு போய் என்ர கதிரையில விழுந்தன். பக்கத்துக் கதிரையில ஜீவன் அண்ணா முதலே இருந்தவன். அவன் எப்பவும் முதலே இருப்பான். முகம் கழுவி, தலை இழுத்து, தன்ர பயோ புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு, கோயில் சிலை மாதிரி.

ரெண்டு பேர் உள்ள வந்தாங்கள். ஒருத்தர் வயசான பொலிஸ்காரர், நல்ல தடிச்ச மீசை. மற்றது துவக்கோட ஒரு ஆமிப் பெடியன், என்னைவிட நாலைஞ்சு வயசு கூட இருப்பான். அப்பா பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினார். மீசைக்காரர் அதைப் பாத்திட்டு என்னைப் பாத்து, "மொனவத மல்லி கரன்னே?" எண்டார். என்ன தம்பி செய்யிறாய் எண்டு.

"பாடம் கரனவா சேர்," எண்டன். படிக்கிறனாம். எனக்கு சிங்களத்தில பொய் சொல்லுறது தமிழில சொல்லுறதைவிட லேசு. தமிழில சொன்னா அம்மா சிரிச்சுப் போடுவா.

அவர் ஜீவன் அண்ணாவின்ர புத்தகத்தைக் கையில எடுத்தார். விரிஞ்சு கிடந்த பக்கத்தில சிறுநீரகத்தின்ர படம். அந்தச் சிறுநீரகத்துக்கு ரெண்டு கண், ஒரு தடிச்ச மீசை, தலையில ஒரு பொலிஸ் தொப்பி. நீலப் பேனையால நான் போட்ட வேலை.

அம்மாவின்ர கையில கத்தி அப்பிடியே நிண்டுது. அப்பா அந்தோனியாரைக் கூப்பிட்டிருப்பார், உதடு அசைஞ்சது. மீசைக்காரர் சிறுநீரகத்தைப் பாத்தார். பிறகு ஜீவன் அண்ணாவைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். ஆள் ஆர் எண்டு கண்டுபிடிக்க அவருக்குக் கன நேரம் எடுக்கேல்ல. புத்தகத்தைத் திருப்பி ஆமிப் பெடியனுக்குக் காட்டிச் சிரிச்சார். அவனும் சிரிச்சான். போயிட்டாங்கள்.

அம்மா எனக்குச் சொன்னதை இந்தப் பத்திரிகையில போட மாட்டினம். அப்பா கதிரையில இருந்து மூச்சு விட்டார். எல்லாரும் ஒரு மாதிரிச் சிரிச்சினம்.

எனக்குச் சிரிப்பு வரேல்ல. ஏன் எண்டு சொல்லக் கொஞ்சம் பின்னால போக வேணும்.

மேசை எதுக்கு

ஜீவன் அண்ணா என்ர பெரியம்மாவின்ர மகன். அம்மாவின்ர மூத்த சகோதரி, வன்னியில இருந்தவ. யுத்தத்தின்ர அந்தக் கடைசி வருசங்கள் தொடங்கிறதுக்கு முன்னம், வன்னிப் பாதை திறந்திருந்த நேரத்தில, பல்கலைக்கழகம் போறதுக்கான ஏ.எல். படிக்க எண்டு அவனை எங்களிட்ட அனுப்பினவ. எனக்கு ரெண்டு வயசு மூப்பு. முகத்துக்கு முன்னால 'அண்ணா', முதுகுக்குப் பின்னால 'சிலை'.

வன்னியில இருந்து வந்த பெடியன் கொழும்பில சும்மா இருக்கேலாது. பொலிஸில பதிய வேணும். ஏன் வந்தனி, எப்ப போவாய் எண்டு கேப்பாங்கள். அவன்ர பதிவில காரணம் எண்ட இடத்தில 'படிப்பு' எண்டு இருந்தது. அந்த ஒரு சொல்லிலதான் அவன் கொழும்பில நிண்டவன். படிப்பு இருக்கிற வரைக்கும் இருக்கலாம். படிப்பு போனா காரணம் போச்சு. காரணம் இல்லாத வன்னிப் பெடியனை என்ன செய்வாங்கள் எண்டு வெள்ளவத்தையில பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அதால அந்த மேசை எங்களுக்குக் காவல்காரன் மாதிரி. அப்பா அதைக் கதவுக்கு நேர போட்டவர். கதவைத் திறக்கிறவனின்ர கண்ணில முதல் படுறது குனிஞ்ச ரெண்டு தலையா இருக்க வேணும் எண்டு. குசினியில இருந்து பாத்தா அம்மாவுக்கு எங்கட முதுகுதான் தெரியும். முதுகு கதிரையில இருந்தா பிள்ளை படிக்குது. முதுகைக் காணேல்ல எண்டா பிள்ளை நாசமாப் போகுது. அவ்வளவுதான் அம்மாவின்ர கணிப்பு.

எங்கட வீட்டில மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. அந்த நாளையில எங்கட ஒழுங்கை முழுக்க யன்னலுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு பெடியன். கொழும்பில இவ்வளவு படிக்கிற பிள்ளையளை ஒரே ஒழுங்கையில வேற எங்கயும் கண்டிருக்கேலாது. எத்தனை பேர் பாஸ் பண்ணினவங்கள் எண்டு கேக்காதேங்கோ.

கேத்தல் மூடி

இப்ப என்ர கதை. அம்மா எனக்கு வைச்ச பேர் கேத்தல் மூடி. தண்ணி கொதிக்கேக்க மூடி டக் டக் எண்டு ஆடுமே, அதுதான் நான் கதிரையில இருக்கிற இருப்பு.

நான் படிக்க விருப்பமில்லாதவன் இல்ல. இதை எத்தனை தரம் சொல்லியிருப்பன், ஒருத்தரும் நம்பேல்ல. கதிரையில இருக்கேக்க உண்மையிலயே நினைப்பன், இண்டைக்குக் கணக்கை முடிக்கிறதுதான் எண்டு. முதல் வரி வாசிப்பன். வெளியில சோளம் விக்கிறவன்ர மணி கேக்கும். அவன் என்ன கலர் சேட் போட்டிருப்பான் எண்டு யோசிப்பன். போன கிழமை போட்ட சேட்டோ எண்டு யோசிப்பன். எழும்பிப் பாப்பன். பச்சை. திரும்பி வந்து முதல் வரி வாசிப்பன். அப்ப ரெயில் போகும்.

அம்மா பயப்பிடுத்திப் பாத்தவ. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை பாஸ் பண்ணாட்டி பள்ளிக்கூடத்தால விலத்திப் போடுவினம், பள்ளிக்கூட அடையாள அட்டை இல்லாட்டி றோட்டில பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள், பிறகு நான் எந்த ஸ்டேஷன் வாசலில போய் அழுகிறது எண்டு கேட்டவ. எனக்கு உண்மையாப் பயம் வந்தது. அண்டு பின்னேரம் ஒரு மணித்தியாலம் படிச்சனான். அடுத்த நாள் அந்தப் பயம் இருந்தது, ஆனா கை அசையேல்ல. பயத்தோட சேத்து சோளக்காரனையும் பாத்தன். பயந்தா பிள்ளை படிக்கும் எண்டு சொல்லுறவை ஒரு நாளும் என்ர தலைக்குள்ள இருந்து பாக்கேல்ல.

என்ர அக்கா இப்ப கனடாவில. அவவின்ர மகனுக்கு இப்ப பன்ரெண்டு வயசு. போன வருசம் அழுதுகொண்டு கோல் எடுத்தவ. பெடியனுக்கு ஏ.டி.எச்.டி.யாம். பள்ளிக்கூடத்தில சொல்லி, டொக்டரிட்டக் கொண்டுபோய், ஒரு கேள்வித்தாள் நிரப்பினவையாம். அதில இருந்த கேள்வியளை அக்கா ஒவ்வொண்டா வாசிச்சவ. இருக்கச் சொன்ன இடத்தில இருக்க மாட்டானோ. தொடங்கினதை முடிக்க மாட்டானோ. மற்றவை கதைக்கேக்க குறுக்க விழுவானோ. நான் குறுக்க விழுந்து, அக்கா, இது மருமகனுக்கு எழுதினதோ எனக்கு எழுதினதோ எண்டன். அவவும் அழுகையை விட்டுட்டுச் சிரிச்சவ.

அந்த டொக்டர் சொன்னதாம்: இந்தப் பிள்ளையள் சோம்பேறியள் இல்ல. தூரத்தில இருக்கிற பரிசுக்காக இண்டைக்கு இழுபட அதுகளின்ர தலை விடாது. கிட்ட இருக்க வேணும், சூடா இருக்க வேணும், இல்லாட்டி பிடிச்சதா இருக்க வேணும். நான் அதை அம்மாவுக்குச் சொன்னன். அம்மா கேட்டுப்போட்டு, அதுக்கு எங்கட காலத்தில கொழுப்பு எண்டு பேர் எண்டவ.

சரி, என்னைப் பற்றிக் காணும். நான் ஆடினனான், எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆடாதவனைத்தான் ஒருத்தரும் பாக்கேல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன்

ஜீவன் அண்ணாவுக்குப் படிப்பு மூச்சு விடுற மாதிரி. விருப்பம் வந்துதான் படிக்கிறியோ எண்டு ஒருக்காக் கேட்டனான். அவனுக்குக் கேள்வியே விளங்கேல்ல. "இருந்தாச் சரி. இருந்தா அது தன்ர பாட்டில வரும்," எண்டான். எனக்கு விருப்பம் முதல் வந்தாத்தான் கை அசையும். அவனுக்குக் கை முதல் அசையும், விருப்பம் பிறகு ஆறுதலா வரும். எனக்கு அவனைப் பாத்தா எரிச்சல். அதுக்குத்தான் அவன் குளிக்கிற வாளிக்குள்ள நண்டு விட்டது, சப்பாத்துக்குள்ள பாண் துண்டு வைச்சது எல்லாம். அவன் நண்டைக் கையில எடுத்து, இது ஆண் நண்டு, வயித்துப் பக்கத்தைப் பார் எண்டு எனக்குப் பாடம் எடுத்தவன். அவனோட சண்டை பிடிக்கக்கூட ஏலாது.

ஆனா அவனுக்கு ஒரு இரகசியம் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமைதான் வெளிவரும்.

ஞாயிறு காலமை நாங்கள் பூசை முடிஞ்சு வர, பெரியம்மா கோல் எடுப்பா. அங்க ஒரு கடையில வரிசையில நிண்டு, முறை வந்து எடுக்க வேணும். கன நேரம் கதைக்கேலாது. மற்றத் தாய்மார் எல்லாரும் சாப்பிட்டியோ, காய்ச்சலோ எண்டுதான் கேப்பினம். பெரியம்மா அதைக் கேக்க மாட்டா. எடுத்த உடன, "இந்தக் கிழமை என்ன படிச்சனி, சொல்லு," எண்டுவா.

பெரியம்மா அஞ்சாம் வகுப்போட நிண்டவ. எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு எண்டு சொல்லுவா. இவன் சொல்லுவான். இலை ஏன் பச்சை, இரத்தம் எப்பிடிச் சுத்துது எண்டு. நான் பக்கத்தில நிண்டு ஃபோனுக்குக் காதை வைச்சுக் கேப்பன். ஒருக்கா இவன், மாட்டுக்கு இரைப்பை நாலு அறை எண்டு சொன்னவன். பெரியம்மா உடன கேட்டவ, "எங்கட சிவப்பிக்குமோ?" எண்டு. சிவப்பி அவையின்ர மாடு. ஓம் அம்மா, சிவப்பிக்கும்தான் எண்டான் இவன். பெரியம்மா, அப்ப அதுக்கு எவ்வளவு போட்டாலும் காணாது எண்டு நான் ஏசினது பிழை எண்டவ.

திங்கள் தொடக்கம் சனி வரைக்கும் அவன் படிச்சது எல்லாம் அந்தக் கொஞ்ச நிமிசத்துக்கு. பாஸ் பண்ணி டொக்டரா வாறது, பதிவு நிக்கிறது, அதெல்லாம் எங்கட வீட்டுக் கவலை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு கதை கொண்டு போக வேணும்.

பிறகு பாதை மூடப்பட்டுது. ஃபோன் கிழமைக்கு ஒண்டு எண்டு இருந்தது மாசத்துக்கு ஒண்டாச்சு. சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி வந்தது. சனம் இடம் மாறி இடம் மாறிப் போகுது எண்டு செய்தியில சொல்லிச்சினம். ஒரு ஞாயிறு ஃபோன் வரேல்ல. அடுத்த ஞாயிறும் வரேல்ல.

அம்மா லைன் இல்லை எண்டவ. அப்பா அந்தக் கடை இடம் மாறியிருக்கும் எண்டவர். ஜீவன் அண்ணா ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஃபோனுக்குப் பக்கத்தில இருந்திட்டு, எழும்பி வந்து மேசையில இருந்தான். புத்தகத்தை விரிச்சான்.

அம்மா குசினியில இருந்து முதுகைப் பாத்திட்டு, எவ்வளவு மனத்தைரியம் பார் பிள்ளைக்கு எண்டு அழுதவ.

மீசை வைச்ச சிறுநீரகம்

இப்ப அந்தக் காலமைக்கு வாறன். பொலிஸ்காரர் புத்தகத்தைத் தூக்கிக் காட்ட, எல்லாரும் சிரிக்க, எனக்கு ஏன் சிரிப்பு வரேல்ல.

அந்த மீசையை நான் போட்டது நத்தாருக்கு முன்னம், டிசம்பரில. ஃபோன் நிண்டு கொஞ்ச நாளில. அவனைச் சிரிக்க வைக்க எண்டுதான் போட்டனான். அவன் சிரிக்கேல்ல. கோபிக்கவும் இல்ல. சோதனை கிட்டிட்டுது, இப்ப மே மாசத்து வெசாக் விளக்குக் கூடுகூடக் கழட்டியாச்சு. புத்தகம் அதே பக்கத்தில கிடக்குது.

நான் எல்லாத்தையும் பாக்கிறவன். பாக்கக் கூடாததைத்தான் கூடப் பாப்பன், அதுதான் என்ர வருத்தம். அண்டையில இருந்து அவனைப் பாத்தன். காலமை இருப்பான். கண் புத்தகத்தில. கை பேனையில. கன நேரத்துக்குப் பிறகு பேனையை மற்றக் கைக்கு மாத்துவான். பக்கம் திருப்ப மாட்டான். சாப்பிடக் கூப்பிட்டா எழும்புவான், சாப்பிட்டிட்டு வந்து இருப்பான். ஒரு நாள் அவன்ர பேனையின்ர மையை எடுத்துப்போட்டு வெறும் கூட்டை வைச்சனான். அவனுக்குத் தெரியவே இல்ல.

அம்மாவிட்டச் சொன்னன். அம்மா, அண்ணா படிக்கேல்ல, சும்மா இருக்கிறான் எண்டு.

அம்மா தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவ. நிமிந்தும் பாக்கேல்ல. "நீ படிக்காததுக்கு அவனையும் சேர்க்காத. அவன் கதிரையை விட்டு எழும்பிறதில்ல. உன்னை ஒரு பத்து நிமிசம் அதில கண்டிருக்கிறனோ நான்?"

அப்பாவிட்டச் சொன்னன். அப்பா துறைமுகத்தில கிளார்க், கொட்டாஞ்சேனைக்காரர், என்ர பகிடி எல்லாத்துக்கும் சிரிக்கிற ஒரே ஆள். இதுக்கும் சிரிச்சார். டியூஷன் சேரிட்டச் சொன்னன். அவர், ஜீவன் மாதிரி ஒழுக்கமான பிள்ளையை நான் காணேல்ல, நீ அவனைப் பாத்துப் பழகு எண்டார்.

என்னிலயும் பிழை இல்ல, அவையிலயும் பிழை இல்ல எண்டுதான் இப்ப நினைக்கிறன். நான் வாழ்க்கை முழுக்க விளையாட்டுக் காட்டினவன். ஒரு நாள் உண்மை சொன்னா ஆர் நம்பிறது. அவை வருசக்கணக்கா அந்தக் கதிரையைக் கதவு தட்டுறவனுக்குக் காட்டிக் காட்டி, கடைசியில தாங்களும் நம்பீட்டினம்.

சுத்திச் சுத்தி

அப்ப நான் ஒரு வேலை பாத்தன். அதை நினைச்சா, அது நான்தானோ எண்டு இப்பவும் எனக்குச் சந்தேகம்.

அம்மா சந்தைக்குப் போற நேரம் பாத்து, அவன்ர புத்தகத்தைப் பறிச்சு, மேசையைச் சுத்தி நடந்து நடந்து சத்தமா வாசிக்கத் தொடங்கினன். நடந்தா எனக்கு வாசிக்க ஏலும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன். கதிரைதான் எனக்கு எதிரி, புத்தகம் இல்ல. இதை ஒரு வாத்தியார் முன்னமே சொல்லியிருந்தா நான் இப்ப வேற ஆள். சிறுநீரகம் முழுக்க வாசிச்சன். எனக்கு விளங்காததை அவனிட்டக் கேட்டன். முதல் நாள் அவன் வாய் திறக்கேல்ல. அடுத்த நாள் நான் வேணுமெண்டு பிழையா வாசிச்சன். இரத்தம் சிறுநீரகத்துக்குள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகும் எண்டு. அவன், "வடிகட்டும்," எண்டான். அவ்வளவுதான். ஆனா கதைச்சான்.

நான் பிடிச்சுக்கொண்டன். பெரியம்மா மாதிரி, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு எண்டன். அது சொல்லியிருக்கக் கூடாத சொல்லோ தெரியாது. அவன் என்ர முகத்தைப் பாத்தான். கன நேரம் பாத்தான். பிறகு எழும்பிப் போய்க் குளிக்கிற அறைக்குள்ள தண்ணியைத் திறந்து விட்டான். வெளியில வரேக்க முகம் கழுவியிருந்தது. வந்து கதிரையில இருந்தான்.

அதுக்குப் பிறகும் நான் விடேல்ல. ஒவ்வொரு நாளும் நடந்தன், வாசிச்சன். ஒழுங்கையில போற சனம் யன்னலால என்ர சத்தத்தைக் கேட்டு, உங்கட சின்னவன் திருந்தீட்டான் எண்டு அம்மாவுக்குச் சொல்லிச்சினம். அம்மா மெழுகுதிரி கொளுத்தினவ. எனக்கு ஓ.எல். கணக்கு ஒரு பக்கம் தெரியாது. ஆனா ஏ.எல். பயோவில இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூண்டும் இண்டைக்கும் நித்திரையால எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். நான் பிறந்து ஆசைப்பட்டுப் படிச்ச ஒரே பாடம் எனக்கு இல்லாத சோதனைக்கு.

சோதனை நாள் அவனோட மண்டப வாசல் வரைக்கும் நடந்தன். வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனன். முடிஞ்சு வெளியில வந்தான்.

"சிறுநீரகம் வந்ததோ?"

"வந்தது."

"எழுதினியோ?"

"உனக்கு வந்திருந்தா நல்லா எழுதியிருப்பாய்," எண்டான். அவன் என்னைப் புகழ்ந்தது அது ஒண்டுதான்.

வாங்கு

முடிவு வந்தது. மூண்டு பாடமும் பாஸ் இல்ல. அம்மா பிழையா வந்திருக்கும், திருப்பிப் பாக்கச் சொல்லுவம் எண்டவ. அப்பதான் ஜீவன் அண்ணா, "பிழை இல்ல சித்தி, விடைத்தாளில நான் என்ர சுட்டெண் மட்டும்தான் எழுதினனான்," எண்டு மெதுவாச் சொன்னவன். அம்மா அந்த மேசையில கையை வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டவ.

பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் வந்திட்டுது. அப்பா எல்லாத்தையும் யோசிச்சு வைச்சிருந்தவர். ரெண்டாம் தரம் சோதனை எடுக்கிறது எங்கட ஊரில பெரிய விசயமில்ல. அதுக்கு 'செகண்ட் ஷை' எண்டு பேர். பதிவில திரும்பவும் 'படிப்பு' எண்டு போடலாம். அவன் இன்னும் ஒரு வருசம் நிப்பான். அந்த ஒரு வருசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் எண்டு அப்பா சொன்னவர். எது முடிஞ்சிடும் எண்டு சொல்லேல்ல.

அப்பா, அண்ணா, நான் மூண்டு பேருமா ஸ்டேஷனுக்குப் போனம். அந்த ஸ்டேஷன் எது எண்டு எழுதேல்ல. மேசைக்கு அங்கால இருந்தவர் கெட்ட மனுசன் மாதிரித் தெரியேல்ல. தடிமன் பிடிச்சு மூக்கைத் துடைச்சுக்கொண்டு இருந்தவர். அப்பா சிங்களத்தில விளங்கப்படுத்தினார். பிள்ளை படிக்கிறான், செகண்ட் ஷை எடுக்கப் போறான் எண்டு. அவர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, சும்மா, நேரம் போறதுக்குக் கேக்கிற மாதிரி ஜீவன் அண்ணாவைக் கேட்டார். என்ன மல்லி, இந்த முறை பாஸ் பண்ணுவாய்தானே எண்டு.

ஓம் எண்டு தலையை ஆட்டினாக் காணும். நான் பின்னால நிண்டு அவன்ர முதுகில விரலால குத்தினன், ஆட்டடா தலையை எண்டு.

அவன் பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில, ஒவ்வொரு சொல்லா வைச்சு, "நான் படிக்கேல்ல சேர். எனக்கு அம்மாட்டப் போக வேணும்," எண்டான்.

அம்மா எங்க எண்டு அவர் கேட்டார். இவன் ஊரின்ர பேரைச் சொன்னான்.

பேனை நிண்டுது. அந்த நேரத்தில அந்த ஊரின்ர பேரைச் சொல்லி, அங்க போக வேணும் எண்டு ஒரு பத்தொன்பது வயசுப் பெடியன் பொலிஸில சொன்னா அதுக்கு, இயக்கத்துக்குப் போறான் எண்ட ஒரு அர்த்தம்தான் இருந்தது. அப்பா இல்லை சேர், பிள்ளைக்கு மனம் சரியில்ல எண்டு பதறிப் பதறிச் சொன்னார். அவர் கேட்டார், தலையையும் ஆட்டினார். பிறகு உள்ள ஒருத்தனைக் கூப்பிட்டார். ஜீவன் அண்ணாவை உள்ளுக்குக் கொண்டுபோய் ஒரு வாங்கில இருத்திச்சினம். கதவுக்குள்ளால எனக்கு அவன்ர முதுகு தெரிஞ்சது. ஆடாமல் அசையாமல் இருந்தான்.

எங்களைப் போகச் சொன்னாங்கள். அப்பாவும் நானும் காலி றோட்டால நடந்து வந்தம். பஸ் ஒண்டும் பிடிக்கேல்ல. அப்பா ஒரு இடத்தில நிண்டு, நீ சொன்னனிதானே எண்டார்.

அவனை அங்கயும் இங்கயுமா மாத்தினாங்கள். எங்க வைச்சிருக்கிறாங்கள் எண்டு கண்டுபிடிக்கவே அப்பாவின்ர சப்பாத்து தேய்ஞ்சுது. நான் ஓ.எல். கணக்கில விழுந்து, பள்ளிக்கூடம் போதும் எண்டு புறக்கோட்டையில ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனன். அங்க கதிரையே இல்ல, எனக்கு நல்லாப் பிடிச்சுது. ஜீவன் அண்ணா வெளியில வரேக்க யுத்தம் முடிஞ்சு கன காலம். வந்தவன் மெலிஞ்சு, காது ஒண்டு சரியாக் கேளாமல். என்ன நடந்தது எண்டு அவன் சொல்லேல்ல. நான் கேக்கேல்ல. எதையும் கேக்காமல் விடுறதில நான் கெட்டிக்காரனான ஒரே இடம் அது.

பெரியம்மாவைத் தேடி அவன் போகாத முகாம் இல்ல, விசாரிக்காத ஆள் இல்ல.

இப்ப ஹெந்தளையில இருக்கிறான். பெயிண்ட் கடை ஒண்டில நிறம் கலக்கிறான். கலியாணம் கட்டி ஒரு மகள் இருக்கிறாள், சின்னப் பெட்டைக் குட்டி. இதை எழுத முன்னம் போய் அவனிட்டக் கேட்டன், போடவோ எண்டு. எழுதினதை வாசிச்சுக் காட்டு எண்டான். கேக்கிற காதுப் பக்கம் நிண்டு வாசிச்சன். பொலிஸ், வாங்கு எல்லாத்தையும் பேசாமல் கேட்டான். சிறுநீரகத்தில நான் விட்ட ஒரு பிழையையும் திருத்தினான். ஒரு இடத்தில மட்டும் கையைக் காட்டி நிப்பாட்டினான். நான் 'பெரியம்மா செத்த பிறகு' எண்டு எழுதியிருந்தன்.

"அதை வெட்டு," எண்டான்.

"அப்ப காணாமப் போனவ எண்டு போடவோ?"

"அதுவும் போடாத."

குட்டி வந்து அவன்ர மடியில ஏறிச்சுது. அதின்ர தலையைத் தடவினான்.

"ஃபோன் வரேல்ல எண்டு போடு," எண்டான். "எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானே."